தோளுக்குத் தெரிந்தது

கோட்லி கிராமத்துக்கு வந்த பட்டாளப் பதக்கங்களில் இரண்டு மட்டும் வெண்கலம். மற்றதெல்லாம் வெள்ளி. மகாராணியின் முகம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். அதே முக்காடு, அதே கிரீடம், சிவப்பு நாடாவில் அதே இரண்டு பச்சைக் கோடுகள். ஆனால் துப்பாக்கி பிடித்தவனுக்கு வெள்ளி, அவனைத் தூக்கிக்கொண்டு வந்தவனுக்கு வெண்கலம் என்று சர்க்கார் தீர்மானித்திருந்தது. அந்த இரண்டு வெண்கலமும் கஹார் தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு வந்தன. ஒன்று நிஹாலாவுக்கு. இன்னொன்று அவன் தங்கை பசந்தியின் புருஷன் சஜ்ஜுவுக்கு. சஜ்ஜு எல்லைப்புறத்திலேயே செத்துப்போனதால் அதைப் பசந்தி வாங்கிக்கொண்டாள்.

நிஹாலா ஒடிசலான ஆள். தெருவில் போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வலது தோள் மட்டும் இடது தோளைவிட இரண்டு விரல் தாழ்ந்து, காய்ப்பேறி, செருப்புத் தோல் மாதிரி தடித்திருக்கும். காலையில் நிலக்கார ஜாட்டுகள் வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பதும், கல்யாண மாதங்களில் பெண்ணை டோலியில், அதாவது திரை போட்ட பல்லக்கில், வைத்துப் புகுந்த வீட்டில் சேர்ப்பதும் கஹார்களின் பிழைப்பு. டோலியின் திரையை ஒருமுறை இழுத்து மூடிவிட்டால் தூக்குகிறவன் உள்ளே பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டிய அவசியமும் கிடையாது. உள்ளே இருக்கிற பெண் விசும்புகிறாளா, தூங்கிவிட்டாளா, மடியில் முடிந்து வந்த லட்டைத் திருட்டுத்தனமாகத் தின்கிறாளா என்று தோளே சொல்லிவிடும். உயிருள்ள உடம்பு சும்மா இருக்காது. மேட்டில் ஏறும்போது முன்னால் சாயும். பள்ளத்தில் இறங்கும்போது எதையாவது பிடித்துக்கொள்ளும். தன் கனத்தில் கொஞ்சத்தைத் தானே தாங்கிக்கொள்ளும்.

“மச்சான், பொண்ணு அழுகையை நிறுத்திருச்சு. இனிமே லட்டுதான்” என்று முன்கழியிலிருந்து சஜ்ஜு சொல்வான்.

“வாயை மூடிட்டு நட மாப்பிள்ளை, உள்ளே கேக்கும்” என்பான் நிஹாலா. உள்ளேயிருந்து கிளுக்கென்று ஒரு சிரிப்பு வரும். சஜ்ஜு தூக்கிய டோலியில் எந்தப் பெண்ணும் முழுதாக அழுதுகொண்டு போய்ச் சேர்ந்ததில்லை.

எல்லைப்புறத்தில் பதான்கள் கிளம்பிய வருஷம், பட்டாளத்துக்கு டோலி தூக்க ஆள் வேண்டும் என்று தாசில் கச்சேரியிலிருந்து உத்தரவு வந்தது. நிஹாலாவும் சஜ்ஜுவும் கிளம்பினார்கள். பக்கத்து ஊரிலிருந்து பும்மனும் லாபாவும் சேர்ந்துகொண்டார்கள். நிஹாலாவை மேட் ஆக்கினார்கள். ஒரு டோலிக்கு அவன் பொறுப்பு. அதற்கு அடையாளமாகக் கையில் பித்தளை வில்லை வைத்த ஒரு பட்டை. மற்ற கஹார்கள் மாதிரி இல்லாமல் மேட் மட்டும் திரையை விலக்கிப் பார்க்கலாம். பார்த்தே ஆக வேண்டும் என்பது உத்தரவு. காயம்பட்டவன் வழியில் செத்துவிட்டால் உடனே இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, உயிரோடு இருக்கிற அடுத்தவனைத் தூக்கத் திரும்பிப் போக வேண்டும். டோலிகள் குறைவு, அடிபட்டவர்கள் அதிகம். உத்தரவில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

கிளம்பும் நாளில் அத்தர் கவுர் கிணற்றடிக்கு வந்தாள். ஜாட் வீட்டு விதவை. ஒரே மகன் விர்சா சிங். அவன் சீக்கியப் பட்டாளத்தில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் எல்லாருக்கும் அவள் பேபேதான், அதாவது அம்மா.

“நிஹாலா, நீயும் அந்தப் பக்கந்தான் போறியாம். என் பையனைப் பார்ப்பியா?”

“பட்டாளம் பெருசு பேபே. இருந்தாலும் தேடிப் பிடிச்சிடுவேன்.”

“அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வேற எவன் கையிலயும் விட்டுடாதேடா.”

“ஏன் பேபே அபசகுனமாப் பேசுறீங்க? அவன் குதிரையில வந்து இறங்குவான், பாருங்க.”

அவள் சிரிக்கவில்லை. குடத்தைக் கூடத் தூக்காமல் போய்விட்டாள். நிஹாலாதான் அதை அவள் வீட்டில் கொண்டுபோய் வைத்தான்.

டிசம்பர் மாதம் படை தீரா மலையை விட்டு இறங்கியது. பாரா ஆறு மலையிடுக்கில் வளைந்து வளைந்து ஓடும். பாதை என்று தனியாக ஒன்று கிடையாது, ஆறுதான் பாதை. நாளைக்கு இருபது தடவை இடுப்பளவு பனித்தண்ணீரில் இறங்கி ஏற வேண்டும். நனைந்த வேட்டி விறைத்துப்போய்ப் பலகை மாதிரி காலில் அடிக்கும். இரண்டு பக்கத்து உச்சியிலும் பதான்கள். அவர்கள் அவசரப்படவே மாட்டார்கள். டோலிக்கு ஆறு பேர் என்று கணக்கு. இவர்களோடு இருந்த இரண்டு பேர் குளிரில் படுத்துவிட, மிச்சம் நாலு பேர். முன்னால் சஜ்ஜுவும் பும்மனும், பின்னால் நிஹாலாவும் லாபாவும்.

ஒரு நாள் மதியம் வயிற்றில் குண்டு பட்டு இவர்கள் டோலிக்கு வந்தவன் விர்சா சிங்.

“யாரு, நம்ம ஊர் நிஹாலா சாச்சாவா?” என்றான். உதடு வெளுத்திருந்தது. “மெதுவாப் போங்க சாச்சா. கல்யாணப் பொண்ணுன்னு நினைச்சுக்கோங்க.”

“மீசை வச்ச பொண்ணை இப்பத்தான் பார்க்கிறேன். மாமியார் வீட்டுல என்ன சொல்லப்போறாங்களோ” என்றான் சஜ்ஜு.

விர்சா சிரிக்கப் பார்த்தான். நிஹாலா திரையை இழுத்து மூடினான்.

கொஞ்ச நேரத்தில், செம்பாறை என்று இவர்களே பேர் வைத்திருந்த ஒரு இடத்தில் ஆற்றைக் கடந்தார்கள். கரையேறும்போது டோலி பின்னால் சாய்ந்தது. உள்ளே இருந்த உடம்பு எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. முன்னால் சாயவும் இல்லை. அப்படியே வழுக்கி வந்து பின்கழியில் முழுக் கனத்தோடு உட்கார்ந்தது. நிஹாலாவின் தோளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் திரையை விலக்கிப் பார்க்க என்ன இருக்கிறது?

நில்லுங்கள் என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். கரையில் ஒரு கூர்க்கா சிப்பாய் காலில் கட்டுடன் கல்மேல் உட்கார்ந்து டோலியையே பார்த்துக்கொண்டிருந்தான். (அவன் சாயங்காலம் ஒரு கோவேறு கழுதைமேல் முகாமுக்கு வந்து சேர்ந்தான். ஆனால் அப்போது அது நிஹாலாவுக்குத் தெரியாது.) இறக்கி வைத்துவிட்டுப் போன உடம்புகளை அந்த மலையில் என்ன செய்வார்கள் என்பது டோலிக்காரர்களுக்குத் தெரியும். முன்பு விட்டுவந்தவர்களை மறுநாள் அள்ளி எடுக்கப் போனவர்கள் அவர்கள்தான். அத்தர் கவுரின் மகனை அப்படி விட்டுவிட்டு வர அவனால் முடியவில்லை. வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

“நிக்காதீங்க” என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தான். “பையன் தூங்குறான். போய்க்கிட்டே இருங்க.”

இரண்டு மணி நேரம் நடந்த பிறகு ஒரு இடுக்கு வந்தது. இரண்டு ஆள் கை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரையும் தொடலாம். அங்கே ஒரு பாறைக்குப் பின்னால் பின்காவலில் இருந்தவன் நாயக் வதாவா சிங். அவனோடு மூன்று சிப்பாய்கள். அவர்களைப் பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்து கால் மணி நேரம் ஆகிவிட்டது. டோலி வருவதைப் பார்த்து வதாவா சிங் போகாமல் நின்றான். “ஓடுங்கடா, ஓடுங்க!” என்று கத்திக்கொண்டே மேலே சுட்டான். இவர்கள் ஓடினார்கள். இடுக்கின் அந்தப் பக்கம் வெளியே வரும்போது சஜ்ஜுவின் கழுத்தில் குண்டு பட்டது. டோலியை ஆட்டாமல் முழங்கால் போட்டு உட்கார்ந்தான், பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான்.

அவனை வைக்க டோலியில் இடம் இல்லை. பாறைப் பிளவில் படுக்க வைத்து, கையில் கிடைத்த கற்களை மேலே போட்டார்கள். வதாவா சிங் துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு சஜ்ஜுவின் இடத்தில் தோள் கொடுத்தான். ஜாட் ஒருவன் கஹாரின் கழிக்குத் தோள் கொடுத்ததை நிஹாலா அன்றுதான் பார்த்தான். இன்னும் இரண்டு மணி நேரம். முகாமுக்கு வந்ததும் டாக்டர் பாபு திரையை விலக்கினார்.

“இது முடிஞ்சுபோச்சே. எப்ப?”

“இப்பத்தான், பாபு” என்றான் நிஹாலா. “கடைசித் திருப்பத்துல முனகினான்.”

பாபு ஐம்பது பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. மேலே கேட்கவில்லை.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் வதாவா சிங்குக்கு வீர நட்சத்திரம் கொடுக்க வேண்டும் என்று யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். நீல நாடாவில், ஓரத்தில் சிவப்புக் கரையோடு தொங்கும் வெள்ளி நட்சத்திரம். அதைக் குத்திக்கொண்டு போனால் சுபேதார்கூட எழுந்து நிற்பார். அதைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள், கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும். ஜனவரி மாதம் பெஷாவர் முகாமில் ஒரு கூடாரத்தில் மூன்று துரைமார் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். முன்ஷி ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்ல, நிஹாலா நின்றான்.

“பெரிய துரை கேக்கிறார். அந்தப் பாறைகிட்ட நாயக் நின்னப்போ டோலியில இருந்தவனுக்கு உயிர் இருந்துதா?”

நிஹாலா கூடார வாசலைப் பார்த்தான்.

முன்ஷி குரலைத் தாழ்த்தினார். “யோசிச்சுச் சொல்லுப்பா. உயிர் இருந்துதுன்னா நாயக்குக்கு நட்சத்திரம். இல்லைன்னா உத்தரவை மீறி ஒரு பொணத்துக்காக மூணு சிப்பாய்களை நிறுத்திவச்சான்னு ஆகிடும். இருக்கிற பட்டையும் போயிடும்.”

கூடாரத்துக்கு வெளியே வதாவா சிங் தாடியை வாரிக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். திரைக்குள் பிணம் இருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவன் நின்றது நின்றதுதான். இது நிஹாலாவுக்குப் புரிந்தது, மூன்று துரைமாருக்குப் புரியுமா என்பது சந்தேகம்.

“உயிரோட இருந்தான் ஹுசூர்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“தண்ணி கேட்டான்.”

“கொடுத்தாயா?”

“வயித்துல குண்டு பட்டவனுக்குத் தண்ணி கொடுக்கக் கூடாதுன்னு டாக்டர் பாபு சொல்லியிருக்கார் ஹுசூர். கொடுக்கலை.”

துரைமார் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அந்தத் தண்ணீர் சமாசாரம் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எழுதினார்கள். நிஹாலா கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தான். வெளியே வந்ததும் வதாவா சிங் அவனைக் கட்டிக்கொண்டான்.

“உன் வாய்தான் எனக்குக் கொடுத்தது நிஹாலா. சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

நிஹாலாவுக்கும் மறக்கிற உத்தேசம் இல்லை. அன்றிலிருந்து அவனுக்கு ஒரே கணக்கு. செம்பாறையில் இறக்கச் சொல்லியிருந்தால் டோலி அங்கேயே திரும்பியிருக்கும், சஜ்ஜு அந்த நேரத்தில் அந்த இடுக்கில் இருந்திருக்க மாட்டான். ‘பையன் தூங்குறான்’ என்று இவன் சொன்ன ஒரு பொய்யை நம்பி அவன் ஓடினான். ஒரு பிணத்துக்காகச் செத்தான். இது பசந்திக்குத் தெரிந்தால் அவள் இவன் முகத்தில் விழிக்க மாட்டாள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. இவன் பெண்டாட்டி பிரசவத்தில் போனாள். இருப்பது ஒரு தங்கை.

மறு வருஷம் தாசிலில் பதக்கம் கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியில் ஊர்த் தலைவர் நம்பர்தார் ஆலமரத்தடியில் கட்டிலில் சாய்ந்திருந்தார். நிஹாலாவின் கையிலிருந்ததை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“வெண்கலமா! உருக்கினா ஒரு கரண்டிக்குக்கூட ஆகாதேப்பா.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நிஹாலாவும் மரியாதைக்குச் சிரித்து வைத்தான். பின்னால் வந்த பசந்தி நின்றாள்.

“ஆகாதுதான் நம்பர்தார்ஜி. உங்க பையன் மூணு தடவை ஆளெடுப்புக்குப் போய் நெஞ்சளவு பத்தலைன்னு திரும்பி வந்தானே, அவனுக்கு அந்தக் கரண்டியும் வரலையே.”

இப்போது சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. பசந்தி அப்படித்தான். வறையடுப்பு வைத்திருக்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் பிழைப்பு நடக்குமா? தினம் பிற்பகல் சருகு போட்டு எரித்து, சட்டி மணலைக் காய்ச்சி, ஊரார் கொண்டுவருகிற சோளத்தையும் கடலையையும் வறுத்துக் கொடுப்பாள். விதவை நகை போடக் கூடாது. அவளுடைய ரூபாய்க்காசு மாலையைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று. ஆனால் சஜ்ஜுவின் பதக்கத்தைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். “இது நகையில்லை. ஓரத்துல அவர் பேர் வெட்டியிருக்கு, பாருங்க” என்று வாயடைத்துவிடுவாள். எழுத்து அவளுக்குத் தெரியாது. எந்த இடத்தில் அந்தப் பேர் ஆரம்பிக்கிறது என்று மட்டும் விரலுக்குத் தெரியும். நிஹாலா தன்னுடையதைத் துணியில் சுற்றித் தானியக் குதிருக்குப் பின்னால் போட்டான்.

அத்தர் கவுருக்கு மகனின் வெள்ளிப் பதக்கம் வந்தது, அஸ்தியும் ஒரு பானையில் வந்தது. வதாவா சிங்கின் நட்சத்திரத்தைப் பற்றிய பேச்சும் ஊருக்கு வந்து சேர்ந்தது. அதனால் மகன் முகாம் வரைக்கும் உயிரோடு இருந்தான் என்று அவளுக்குத் தெரிந்தது, அதாவது தெரிந்ததாக ஆனது. மற்ற ஜாட் வீட்டுப் பெண்கள் வேலைக்காரிகளிடம் சோளம் கொடுத்தனுப்புவார்கள். பேபே தானே வருவாள். ஒரு கைப்பிடி சோளத்தை முடிந்துகொண்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொள்வாள்.

“நிஹாலா, அந்த நாலு மணி நேரமும் பேசிட்டே வந்தானா?”

“அப்பப்போ பேபே.”

“என்ன சொன்னான்?”

முதலில் ‘தண்ணி கேட்டான்’ மட்டும்தான். அது எத்தனை நாளைக்குப் போதும்? பிறகு குளிராக இருக்கிறது என்று சொன்னான். பிறகு ஊரில் கரும்பு வெட்டு ஆரம்பித்திருக்கும் என்று சொன்னான். நிஹாலாவுக்கு இதெல்லாம் வராது, சஜ்ஜு இருந்தால் வண்டி வண்டியாக அளந்திருப்பான். ஒரு நாள் வேறு ஒன்றும் தோன்றாமல், “எருமை கன்னு போட்டுடுச்சான்னு கேட்டான் பேபே” என்று சொல்லித் தொலைத்தான்.

பேபே நிமிர்ந்தாள். “எருமையா? அவன் லீவுல வந்தப்போ அவனே ஓட்டிட்டுப் போய் வித்தானே.”

நிஹாலா அடுப்புக்குள் ஒரு கை சருகைத் தள்ளினான். பசந்தி சட்டியைக் கிளறிக்கொண்டே இருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

“ஜுரத்துல பினாத்தியிருப்பான்” என்று பேபே தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். “விக்க அவனுக்கு மனசே இல்லை. அதான் அந்த நேரத்துல ஞாபகம் வந்திருக்கு.” கண்ணைத் துடைத்துக்கொண்டு வறுத்த சோளத்தை வாங்கிக்கொண்டு போனாள். அன்று நிஹாலா சாப்பிடவில்லை.

இப்படி எட்டு வருஷம் ஓடியது. நிஹாலா தண்ணீர் சுமந்தால் முதல் குடம் தங்கை வீட்டுக்கு. சருகு பொறுக்கிக் கொடுப்பான், கூரை வேய்ந்து கொடுப்பான், அவளுக்குத் தலைவலி என்றால் நாலு மைல் நடந்து வைத்தியரிடம் போவான். சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாம் செய்தான். கோழைத்தனம்தான், வேறு நல்ல பேர் அதற்குக் கிடையாது. ஆனால் அந்தக் கோழைத்தனத்தை விலைக்கு வாங்கத் தன் தூக்கத்தையெல்லாம் கொடுத்தவன் அவன்.

எட்டாம் வருஷம் மாசி மாதம் பேபே படுத்துவிட்டாள். நெஞ்சுச் சளி. ஒரு நாள் மதியம் அண்ணனையும் தங்கையையும் கூப்பிட்டு அனுப்பினாள். வாசலில் கொழுந்தன் மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். கஹார்களை வீட்டுக்குள் கூப்பிட்டது அவர்களுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பேபேயின் எதிரில் பேசத் தைரியமும் இல்லை. அவள் தலையணைக்கு அடியிலிருந்து வெள்ளிப் பதக்கத்தை எடுத்தாள்.

“இதை எங்க ஆளுங்க கையில விட்டா ஏதாவது மருமகளுக்குத் தோடு பண்ணிடுவாங்க. பசந்தி, நீ வச்சுக்கோடி. உன் புருஷன் என் மகனுக்கு நாலு மணி நேரம் வாங்கிக் கொடுத்தான். தன் உசுரைக் கொடுத்து வாங்கிக் கொடுத்தான்.”

பசந்தி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நிஹாலா தெரு முழுக்க அவள் பின்னாலேயே வந்தான்.

அடுப்பு பற்ற வைக்கிற நேரம் ஆகவில்லை. பசந்தி முறத்தில் மணலைக் கொட்டிக் கரியும் கல்லும் பொறுக்க ஆரம்பித்தாள். நிஹாலா சுவரைப் பார்த்து நின்றான்.

“பசந்தி, அதைத் திருப்பிக் கொடுத்துடு.”

“எதை?”

“வெள்ளியை. அது நம்ம கையில இருக்கக் கூடாது.” அவன் சுவரையே பார்த்துச் சொன்னான். “விர்சா நாலு மணி நேரமெல்லாம் இல்லை. செம்பாறையிலேயே போயிட்டான். என் தோளுக்குத் தெரிஞ்சுது. நான்தான் மேட், நிறுத்தி இறக்கியிருக்கணும். தூங்குறான்னு சொன்னேன். அதை நம்பித்தான் மாப்பிள்ளை ஓடினான். ஒரு பொணத்துக்காக உன் வளையலை உடைச்சேன். பொணத்தைக் கொண்டு வந்தேன், அவனை அங்கேயே விட்டுட்டு வந்தேன்.”

மணல் சலிக்கிற சத்தம் நிற்கவில்லை.

“முடிஞ்சுதா?” என்றாள்.

“முடிஞ்சுது.”

“இதைச் சொல்ல உனக்கு எட்டு வருஷம்.”

நிஹாலா திரும்பினான்.

“பும்மன் முதல் வருஷக் கோடையிலேயே வந்தான்” என்றாள் பசந்தி. “அவரோட கம்பளியைக் கொடுக்க வந்தான். நீ கல்யாண டோலிக்குப் போயிருந்தே. அங்கதான், இப்ப நீ நிக்கிற இடத்துல உட்கார்ந்து அழுதான். அந்தக் கரையில ஏறினதுமே அவர் பும்மன் காதுல சொன்னாராம். ‘பையன் போயிட்டான். வாயைத் திறக்காதே. மச்சானுக்குத் தெரிஞ்சா இறக்கச் சொல்லியாகணும், அது அவன் வேலை. சொல்லலைன்னா நாளைக்கு அவன் பட்டையைப் பிடுங்குவாங்க. அவனுக்குத் தெரியாமலே பேபே மகனைக் கொண்டுபோய்ச் சேர்த்துடுவோம்.’ இதைச் சொல்லிட்டுத்தான் ஓடினார்.”

நிஹாலா அடுப்பு மேடையில் உட்கார்ந்தான். பின்னால் இருந்தவன் முன்னால் இருந்தவர்களை ஏமாற்றியதாக நினைத்திருக்கிறான். முன்னால் இருந்தவர்கள் பின்னால் இருந்தவனைக் காப்பாற்றியதாக நினைத்திருக்கிறார்கள். நடுவில் விர்சா சிங் ஒருவன்தான் நிம்மதியாக வந்திருக்கிறான். லாபாவுக்குத் தெரிந்ததா என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. அவன் மட்டும் என்ன, வேறு தோளா வைத்திருந்தான்?

“ஏன் எங்கிட்டே சொல்லலை?” என்றான் கடைசியில்.

“நீ வந்து சொல்லுவே, சொல்லுவேன்னு பார்த்துட்டிருந்தேன். தண்ணிக் குடத்தோட வருவே. சருகோட வருவே. சொல்ல மாட்டே.”

“என்மேல கோபமா?”

“ஆமா.” அவள் முறத்தைக் கீழே வைத்தாள். இப்போதுதான் அவள் கண் கலங்கியிருப்பதை அவன் பார்த்தான். “அவர் செத்ததுக்கு இல்லை. அங்கே விட்டுட்டு வந்ததுக்கும் இல்லை. நீயும் டோலி தூக்கினவன், அவரும் டோலி தூக்கினவர். உன் தோளுக்குத் தெரிஞ்சது அவர் தோளுக்குத் தெரியாதுன்னு நினைச்சே பாரு, அதுக்குக் கோபம். என் புருஷன் ஏமாந்து செத்தான்னு எட்டு வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தே. அவர் பேரைச் சொல்றப்பல்லாம் முன்னாடி ஒரு ‘பாவம்’ போடுறே. கேக்கக் கேக்க எனக்கு எரியும். அவர் என்ன பாவம்? தெரிஞ்சுதானே தோள் கொடுத்தார்!”

நிஹாலா முறத்தை இழுத்துத் தன் மடியில் வைத்துக் கரியைப் பொறுக்க ஆரம்பித்தான்.

“இதைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன்” என்றாள், வெள்ளிப் பதக்கத்தை முந்தானையில் முடிந்துகொண்டே. “அந்த அம்மாவுக்கு மகன் முழுசா வந்து சேர்ந்தான். அதுக்கு அவங்க கொடுத்தாங்க, நான் வாங்கினேன். இதுல பொய் எங்கே இருக்கு? நீ அவங்ககிட்ட போய் எதையாவது உளறி வைக்காதே. போ, போய்த் தண்ணி கொண்டா. ஆளுங்க வர்ற நேரமாச்சு.”

பேபே நாலாம் நாள் போய்ச் சேர்ந்தாள். அதற்கு முன்னால் நிஹாலா தினமும் போய் அவள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தான். என்ன சொன்னான் என்று அவளும் கேட்டாள், இவனும் சொன்னான். எருமைக் கதையை அவளே இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நிஹாலா பத்தொன்பது வருஷம் இருந்தான். தோள் விழுந்து போனதும் டோலி தூக்குவதை விட்டுவிட்டு, தங்கையின் அடுப்புக்குச் சருகு பொறுக்கிக்கொண்டு காலத்தைத் தள்ளினான். ஜாட்டுகள் தீராவைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டான். வதாவா சிங் இன்னும் திருவிழாக்களுக்கு நட்சத்திரம் குத்திக்கொண்டு வந்துகொண்டிருந்தான், அந்த நட்சத்திரம் இவன் நாக்கை நம்பித்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாண டோலியை இறக்கிவிட்டுக் கஹார்கள் மட்டும் தனியாக உட்கார்ந்து ஹூக்கா பிடிக்கும்போது யாராவது கேட்டால் சொல்வான். சுருக்கமாகத்தான் சொல்வான்.

“நாங்க நாலு பேர். முன்கழியில என் மாப்பிள்ளை சஜ்ஜு. அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் தூக்கினான்.”